அடுப்படிக்காரியின் அடிக்குடல்

தொழிற்சாலைக் கேன்டீனில் சமைத்துக்கொண்டிருந்த அவளுக்கு இருமல் என்றாலே பயம். இருமினாலோ சிரித்தாலோ, பின்னால் கை வைத்துப் பிடித்துக்கொண்டாலும், அடிக்குடல் ஆசனவாய் வழியாக வெளியே வந்துவிடும். உள்ளங்கை நிறைய, சிவப்பாக, கொழகொழவென்று. கழிப்பறையில் குந்தி அதை விரலால் உள்ளே தள்ளி, தோல் உரியும்வரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்துதான் மாவு பிசைவாள். கையை முகர்ந்து பார்த்தால் அவளுக்கே குமட்டும்.

வெளியே தெரிந்தால் அடுப்படி போய்விடும். அவள் சமைத்ததை ஒருவனும் வாயில் வைக்க மாட்டான். அதனால் பெரிய புத்திசாலி மாதிரி சாப்பாட்டைக் குறைத்தாள். உள்ளே போனால்தானே வெளியே வரும் என்ற கணக்கு. ஊருக்கெல்லாம் ஆக்கிப் போட்டவள் அரை வயிற்றோடு கிடந்தாள். மலம் கல்லாய் இறுகியது. முக்க முக்க குடல் இன்னும் இறங்கியது.

அங்கேயே பாத்திரம் தேய்க்கிற நாத்தனார், தாழ்ப்பாள் உடைந்த கழிப்பறைக் கதவைத் தெரியாமல் தள்ளிப் பார்த்துவிட்டாள். மூலம்தான் என்று மழுப்பினாள் இவள்.

"மூலமா இது? கன்னுக்குட்டி பொறக்கற மாதிரி தொங்குது. கெளம்பு அண்ணி."

ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துப் பார்த்தபோது ஒன்றும் தெரியவில்லை. குந்தி முக்கச் சொன்னார்கள். நர்ஸ் விளக்குப் பிடிக்க, டாக்டருக்குப் படிக்க வந்ததுகள் எட்டிப் பார்க்க, முக்கினாள். முதலில் மானம் போனது, பிறகு குடல் வந்தது.

டாக்டரம்மா படம் வரைந்து விளக்கினாள். கீழிருந்தே தொங்குவதை வெட்டித் தைக்கலாம். வயிற்றைத் தொட வேண்டாம், உடம்பு தாங்காதவர்களுக்கு நல்லது, ஆனால் மறுபடி இறங்க வாய்ப்பு அதிகம். இல்லையென்றால் வயிற்றில் சின்ன ஓட்டைகள் போட்டு, கேமரா விட்டு, குடலை மேலே இழுத்துக் கட்டலாம். வெறும் நூலால் தைத்தால் மலச்சிக்கல் கூடலாம். குடலின் முன்பக்கம் மெல்லிய செயற்கை வலை வைத்துக் கட்டினால் அந்தத் தொல்லை குறைவு, ஆனால் வலையே என்றைக்காவது உறுத்தலாம். இயந்திரக் கை வைத்துச் செய்வதும் ஏறக்குறைய அதே பலன்தான்.

அவள் கீழ்வழிக்கே சாய்ந்தாள். வயிற்றில் தழும்பு இருந்தால் கேள்வி வருமே. நாத்தனார் காதைக் கடித்தாள்.

"வயித்துல ஓட்டைன்னா கர்ப்பப்பைன்னு சொல்லிடலாம் அண்ணி. அதுக்கு ஆப்பிள் வாங்கிட்டு வருவாங்க. இதுக்கு மூக்கப் பொத்துவாங்க."

வலை வைத்துக் கட்டினார்கள். கேன்டீன் மேனேஜர் ஆப்பிளோடு வந்து கர்ப்பப்பைக்காக வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார். அப்போது பார்த்து நர்ஸ், வார்டே கேட்க, வெளிக்குப் போனதா, குடல் மறுபடி இறங்கியதா என்று விசாரித்தாள்.

மேனேஜர் முகம் கோணியது. "அந்தக் கையாலயா மாவு பெசஞ்ச?"

"கழுவிட்டுத்தான் பெசஞ்சேன். உங்களுக்குக் கழுவ தனியா ஆள் வருதா சார்?"

அவர் ஆப்பிளை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

ஓய்வு முடிந்து திரும்பியபோது அடுப்பருகே அவளுக்கென்று மட்டும் ஒரு பெட்டி ரப்பர் கையுறை இருந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேராக அவர் மேசைக்குப் போனாள்.

"எல்லாரும் போட்டா நானும் போடறேன். இங்க யாருக்குத்தான் பின்பக்கம் இல்ல?"

அவள் இல்லாத நாளில் பதிலுக்கு வந்த புதியவள் பிசைந்த மாவைத் தின்று ஆட்கள் ஏற்கெனவே தட்டை வீசிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் எல்லாருக்கும் கையுறை வந்தது. மேனேஜர் மட்டும் வீட்டிலிருந்து டப்பா கொண்டுவர ஆரம்பித்தார்.

"அவரு பொண்டாட்டி எந்தக் கையால சமைக்கிறாளோ," என்றாள் நாத்தனார்.

இவள் வயிறு குலுங்கச் சிரித்தாள். பின்னால் கை வைத்துப் பிடித்துக்கொள்ளவில்லை.