இருவர் நிரப்பிய கேன்

கும்பகோணத்தில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். எழுபது வயதைத் தாண்டிய விவசாயி ஒருவர், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்ப்பதற்காக, ஒரு நாள் முழுவதும் சேர்த்த சிறுநீரைக் கேனில் கொண்டுவந்தார். மனைவியும் உடன் வந்திருந்தார்.

கிரியாட்டினின் என்ற கழிவு நம் தசையிலிருந்து வருவது; சிறுநீரகம் அதை வடிகட்டிச் சிறுநீரில் வெளியேற்றும். அவரோ மெலிந்த மனிதர். கேனில் இருந்ததோ ஒரு பயில்வானுக்குரிய அளவு. மறுபடி சோதித்தேன்; அதே கணக்கு. எனக்கு ஆவல் தாங்கவில்லை.

“ஐயா, ஒரு தடவைகூட விடாம இதுலதான் போனீங்களா?”

அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

“எங்க! வாய்க்கால்ல தண்ணி வருதுன்னு பகல் முழுக்க வயல்லயே கெடந்தாரு. எல்லாம் வரப்போரம் போச்சு,” என்றார் அந்த அம்மா. பிறகு குரலைத் தாழ்த்தினார். “கொறையுதேன்னு நாந்தான் அன்னிக்கு முழுக்க என்னுதையும் சேத்துட்டேன் பாப்பா. எனக்குச் சக்கர கிக்கர ஒண்ணும் கெடையாது.”

“அடிப்பாவி!” என்றார் அவர். மூவரும் சிரித்துவிட்டோம்.

மறுபடி சேர்க்கச் சொன்னேன். இந்த முறை, அவருடைய சிறுநீரகம் பாதி வேலைகூடச் செய்யவில்லை என்று தெரிந்தது. மூட்டுவலிக்கு அவராகவே கடையில் வாங்கி விழுங்கிவந்த மாத்திரையை மருத்துவர் அன்றே நிறுத்தினார். இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார்.

“நான் சேத்தது அப்படியே போயிருந்தா?” என்று அந்த அம்மா கேட்டார்.

“நல்லா இருக்குன்னு எழுதிக் குடுத்திருப்பேம்மா.”

அந்த அம்மா தன் கணவரின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

இப்போதெல்லாம் கேனைக் கொடுத்து, சிறுநீர் சேர்க்கும் விதிமுறைகளைச் சொல்லி முடித்த பிறகு இன்னொன்றும் கேட்கிறேன்: “நாளைக்கு வீட்லதான் இருப்பீங்களா?”