சிரிப்பு வராத படத்துக்கு டிக்கெட் கிழித்த வாரம்

தியேட்டர் வாசலில் டிக்கெட் கிழிக்கிறவன் முகத்தை உள்ளே போகும்போது யாரும் பார்ப்பதில்லை. படம் மோசமென்றால், வெளியே வரும்போது எல்லோரும் பார்க்கிறார்கள். அடுத்தவர் செய்த தப்புக்கு முன்னால் நின்று பேச்சு வாங்கும் வேலையில் நீங்களும் இருந்தால் என் பாடு உங்களுக்குப் புரியும்.

ஜெயங்கொண்டத்தில் பதினெட்டு வருஷமாக இந்த வேலை பார்க்கிறேன். சமீபத்தில் ஒரு பழைய காமெடிப் படத்தைப் புது நடிகர்களை வைத்துத் திரும்ப எடுத்து வெளியிட்டார்கள். பழையது எங்கள் பக்கம் எல்லோருக்கும் மனப்பாடம். அந்த நம்பிக்கையில் தெரிந்தவர்களை எல்லாம் நானே போன் போட்டு வரச் சொன்னேன்.

முந்திக்கொண்டவர்

முதல் நாள் மதியம், நடு வரிசையில் ஒரு பத்திர எழுத்தர். திரையில் நடிகர் வாயைத் திறக்கும் முன்பே பழைய படத்து வசனத்தைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பின் சீட்டு அம்மா என்னைக் கூப்பிட்டுப் புகார் சொன்னார். நான் போய்க் கேட்டுக்கொண்டதும் மனிதர் மறுபேச்சில்லாமல் அடங்கிவிட்டார்.

அடுத்த பத்து நிமிஷம் அரங்கத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான் கேட்டது. அந்த அம்மா மறுபடி கையை ஆட்டினார். ஏசி போடச் சொல்வார் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

"அவரைப் பேசச் சொல்லுங்க தம்பி. அவரு சொல்றப்பவாவது சிரிச்சிட்டு இருந்தோம்."

ஒருவர் மட்டும்

மறுநாள் ஒரே ஒரு ஆள் விழுந்து விழுந்து சிரித்தார். டைல்ஸ் ஒட்டும் வேலைக்கு பீகாரிலிருந்து வந்து, ஆறு வருஷமாக இங்கேயே தங்கிவிட்டவர். பக்கத்தில் இருந்தவர்கள் அவரை வேடிக்கை பார்த்தார்கள். எனக்கும் உள்ளுக்குள் எரிச்சல்தான். இதற்கெல்லாமா சிரிப்பது என்று தோன்றியது.

இடைவேளையில் டீ குடித்துக்கொண்டிருந்தவரிடம் அதையே கொஞ்சம் மரியாதையாகக் கேட்டேன். பழைய படத்தைப் பார்த்ததில்லை என்றார். பிறகு, தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதுபோல மெதுவாகச் சொன்னார்.

"நீங்க எல்லாம் ரெண்டு படம் பாக்குறீங்க அண்ணா. நான் ஒரு படம்தான் பாக்குறேன்."

அன்று மாலைக் காட்சியில் நானும் ஒரு படம் மட்டும் பார்க்க முயன்றேன். என்னால் முடியவில்லை.

கேண்டீன் பக்கம்

அந்த வாரம் சந்தோஷமாக இருந்தது எங்கள் கேண்டீன் மல்லிகா அக்கா மட்டும்தான். பாதிப் படத்தில் எழுந்து வந்தவர்கள் எல்லாம் பப்ஸ் வாங்கிக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டார்கள்.

"நல்ல படம்னா எவன்டா வெளிய வரான்? மாசத்துக்கு ஒண்ணு இது மாதிரி வரட்டும்."

அண்ணனும் தம்பியும்

வரதராஜன்பேட்டைக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊரைச் சேர்ந்தவர்கள் கலியபெருமாளும் அவர் தம்பி ராமலிங்கமும். முந்திரித் தோப்பைப் பிரித்ததில் வரப்புத் தகராறாகி, நாலு வருஷமாகப் பேச்சில்லை. அம்மா கருமாதியில்கூட ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். நான் இரண்டு பேருக்கும் போன் போட்டிருந்தேன். ஒரே காட்சிக்கு வருவார்கள் என்று நினைக்கவில்லை.

அண்ணன் உள்ளே போய்ப் பத்து நிமிஷம் கழித்துத் தம்பி வண்டியை நிறுத்தினார். சொல்லலாமா வேண்டாமா என்று தவித்துவிட்டுப் பேசாமல் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தேன். படம் முடிகிறவரை என்னால் உட்கார முடியவில்லை.

வெளியே வந்ததும் வாசலில் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டார்கள். அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தார். தம்பி யாரையும் பார்க்காமல், பொண்ணு பார்க்கிற காட்சியை இப்படியா நாசம் பண்ணுவானுவ என்றார். அண்ணன் நின்றார். அந்த மாமனார் வேஷத்துக்கு வேற ஆளே கெடைக்கலையா என்றார், சுவரொட்டியைப் பார்த்து. அப்புறம் அரை மணி நேரம் இரண்டு பேரும் அந்தப் படத்தைப் பிரித்து மேய்ந்தார்கள். நடுவில் பழைய படத்து மாமனார் மாதிரி அண்ணன் பேசிக் காட்ட, தம்பி வயிற்றைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். போகும்போது தம்பி வண்டியில் அண்ணன் பின்னால் உட்கார்ந்திருந்தார்.

அடுத்த வாரம் ஊரில் அண்ணனைப் பார்த்தபோது விசாரித்தேன். வரப்புக் கேஸ் அப்படியேதான் இருக்கிறது, தினம் சாயங்காலம் போன் மட்டும் பேசிக்கொள்கிறோம் என்றார்.

"படம் நல்லா இருந்திருந்தா நான் அவன்கிட்ட பேசியே இருக்க மாட்டேன்டா."

ஆறாம் நாளே அந்தப் படத்தைத் தூக்கிவிட்டார்கள். ஊரே திட்டினாலும் அதைத் திட்ட எனக்கு மட்டும் இன்னும் வாய் வரவில்லை.