துண்டு தலையிலேயே இருக்கட்டும்

எங்கள் துணை முதல்வர் அம்மாவை நினைத்தால், முகம் வருவதற்கு முன்னால் அவருடைய வலது கைதான் வருகிறது. பிள்ளைகளைப் பார்க்க வந்த தகப்பன்மார் யாராவது எதிரே நின்று, தலையில் கட்டிய துண்டை அவிழ்க்கக் கையைத் தூக்கினால் போதும். பேசிக்கொண்டிருப்பதை நிறுத்திவிட்டு, பஸ்ஸை மறிப்பதுபோலக் கையை நீட்டிவிடுவார். “இருக்கட்டுங்க. துண்டு தலையிலேயே இருக்கட்டும்” என்பார். புதிதாக வந்த ஆசிரியைகள் இதைப் பெரிய கொள்கை என்று மெச்சிக்கொண்டார்கள். கொள்கையும் இல்லை, ஒன்றும் இல்லை. அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்தவர்களில் இன்று மிஞ்சியிருப்பவள் நான் ஒருத்திதான்.

எண்பதுகளில் திண்டிவனத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்தேன். வீடு விழுப்புரத்தில், தினமும் பஸ்ஸில் போய்வருவேன். ஒரு வருஷம் பொங்கல் கழிந்து கடைசிப் பருவம் தொடங்கும் நேரத்தில் சுற்றுவட்டாரமெங்கும் வாந்திபேதி கண்டது. பல நாடுகளைச் சுற்றிக்கொண்டு வரும் காலரா என்று செய்தித்தாள்கள் எழுதின. கோலியனூர்ப் பக்கத்தில் அதன் பெயரைக்கூடச் சொல்லமாட்டார்கள், ‘அது’ வந்திருக்கிறது என்பார்கள். கிணறுகளில் பிளீச்சிங் பவுடர் போட்டார்கள். என் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்க ஆரம்பித்தது, அதிலிருந்தே நிலைமை தெரிந்தது.

முதல்வர் நீண்ட விடுப்பில் இருந்ததால் அந்தப் பருவத்தை எப்படி நடத்துவது என்ற தலைவலி துணை முதல்வர் தலையில் விழுந்தது. விடுதியை மூடிப் பிள்ளைகளை ஊருக்கு அனுப்பிவிடலாம் என்றுதான் நாங்கள் எல்லோரும் சொன்னோம். அவர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. நோய் இருப்பது ஊர்த் தண்ணீரில், நம் கிணறு சுத்தமாக இருக்கிறது, நல்ல தண்ணீரை விட்டுவிட்டு எங்கே அனுப்புவது என்று கேட்டார். அது பாதிக் காரணம்தான். ஒரு பருவம் வீட்டில் உட்கார்ந்த பெண் அடுத்த பருவம் தாலியோடு வருவாள், இல்லை வரவே மாட்டாள் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

ஆசிரியர் அறைக் கரும்பலகையில் எழுதி எழுதி அழித்துத் திட்டம் போட்டார். விடுதி மாணவிகளுக்கு வராந்தாவில் தள்ளித் தள்ளி பெஞ்சு போட்டு வகுப்பு. வெளியூரிலிருந்து வந்துபோகும் மாணவிகளுக்குப் பாடத்தை சைக்ளோஸ்டைல் நகல் எடுத்து பஸ் கண்டக்டர்களிடம் கொடுத்தனுப்புவது. செய்முறை வகுப்பு சிறு சிறு கூட்டமாக. குடிக்க, வாய் கொப்பளிக்கக்கூடக் கொதித்த தண்ணீர். ஆறிலும் சாவு நூறிலும் சாவு, இதற்கு எதற்கு இத்தனை விறகு என்று சமையற்கார அம்மாள் முணுமுணுத்தாலும் அண்டாவை அடுப்பிலிருந்து இறக்கவில்லை. உள்ளே இருக்கும் ஆசிரியைகள் உள்ளேயே இருக்க வேண்டும். நானும் பெட்டியோடு விடுதிக்கு வந்துவிட்டேன். வாசலில் ஒரு கயிறு கட்டினோம். பார்க்க வருபவர்கள் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நிற்க வேண்டும். கயிற்றைத் தாண்டி வெளியே போன பெண், பரீட்சை முடியும்வரை திரும்ப உள்ளே வரக்கூடாது. செய்முறைத் தேர்வு கல்லூரிக்குள் என்பதால், போனால் அந்த வருஷம் போனதுதான்.

எல்லாவற்றுக்கும் அந்தப் பலகையில் இடம் இருந்தது. யார் வீட்டிலாவது சாவு விழுந்தால் என்ன செய்வது என்று மட்டும் அவரும் எழுதவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

வல்லம் பக்கத்து ஊரிலிருந்து வந்து தங்கியிருந்த ஒரு பெண், இறுதியாண்டு. தகப்பன் இல்லை. அம்மாவும் அண்ணனும் கூலிக்குப் போய்ப் படிக்கவைத்தார்கள். அவர்கள் தெருவிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் பெண். ஞாயிற்றுக்கிழமையானால் யாரும் வராவிட்டாலும் கயிற்றருகே வந்து கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போவாள். வேகவைத்த மல்லாட்டையை, வேர்க்கடலையை, அம்மா கொடுத்தனுப்பினால் அதை உள்ளே விட மாட்டோம் என்று தெரிந்தும் நிற்பாள்.

ஒரு நாள் காலையில் அவள் அண்ணன் சைக்கிளில் வந்தார். தலையையும் வாயையும் சேர்த்துத் துண்டால் மூடிக் கட்டியிருந்தார். நோய்க் காலத்தில் அதை யாரும் விசேஷமாகப் பார்க்கவில்லை. தங்கையைக் கூப்பிட வேண்டாம், பெரிய மேடத்தைப் பார்க்க வேண்டும் என்றார். துணை முதல்வர் வந்தார், கூட நானும் போனேன். அவரைக் கண்டதும், காலம் காலமாகப் பழகிய அண்ணன் கை, தானாகத் துண்டை அவிழ்த்து அக்குளில் செருகிக்கொண்டது. தலை மொட்டை, மீசையும் இல்லை.

“அம்மா போயிடுச்சிங்க. நேத்தே எடுத்துட்டோம்” என்றார். துணை முதல்வர் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். “தங்கச்சிகிட்ட சொல்ல வாணாங்க. பரீட்சை எழுதிக்கினு வரட்டும். இப்ப கூட்டிக்கினு போனாலும் பாக்கறதுக்கு அங்க ஒண்ணும் இல்லீங்க.”

கருமாதி என்று நான் இழுத்தேன். அதைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். சாப்பிட்டீர்களா என்று துணை முதல்வர் கேட்டார். அவர் துண்டை மறுபடி கட்டிக்கொண்டு சைக்கிளை எடுத்தார். திரும்பி நடக்கும்போது, சொல்ல வேண்டாம் என்று துணை முதல்வர் என்னிடம் சொன்னார். எனக்கு அழுகை வரவில்லை. பத்து மணிக்கு வகுப்பு இருந்தது, போய் எடுத்தேன்.

அதற்குப் பிறகான நாட்களைச் சரியாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அந்தப் பெண் வகுப்புக்கு வந்தாள், சாப்பிட்டாள், பிப்பெட் குழாயில் அமிலத்தைச் சிந்தாமல் எடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை கயிற்றருகே வருவதை மட்டும் நிறுத்திவிட்டாள். படிப்பில் மூழ்கிவிட்டாள் போலிருக்கிறது என்று நாங்கள் பேசிக்கொண்டோம். எங்களுக்கு அது நிம்மதியாகக்கூட இருந்தது.

கடைசித் தேர்வு முடிந்த மதியம் துணை முதல்வர் அவளை அறைக்குக் கூப்பிட்டார். என்னையும் கூட இருக்கச் சொன்னார். எப்படி ஆரம்பிப்பது என்று இரண்டு நாளாக யோசித்து வைத்திருந்தார். உட்காரச் சொல்லி, “உங்க வீட்டுல...” என்றதுமே அவள் சொன்னாள்:

“தெரியும் மேடம். அன்னைக்கு மாடியில துணி காயப் போட்டுக்கினு இருந்தேன். அண்ணன் துண்ட எடுத்துச்சு.”

ஏம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று நான்தான் கேட்டேன்.

“அண்ணன்தான் சொல்ல வாணாம்னு சொல்லியிருக்கும். அவ்ளோ தூரம் சைக்கிள் மிதிச்சி வந்து சொல்லிட்டுப் போயிருக்குது. அத நான் எப்படி மேடம் கெடுக்கறது?”

பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். போய்ட்டு வர்றேன் என்று சொல்லவில்லை. சாவு வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் சொல்லிக்கொள்ளக் கூடாது. அம்மாவின் சாவு வீடு அவளுக்கு எங்கள் விடுதியில்தான் நடந்திருக்கிறது, தனியாக, எங்கள் எல்லோருக்கும் நடுவில்.

விடுதியில் ஒருவருக்கும் நோய் வரவில்லை. அந்தப் பெண் நல்ல மார்க்கில் தேறினாள், பின்னால் ஆசிரியை ஆனாள். வேறு கல்லூரிகளிலிருந்து வந்து அந்தத் திட்டத்தைக் கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள். யாராவது பாராட்டினால் துணை முதல்வர் பேச்சை மாற்றிவிடுவார். ஓய்வு பெறும்வரை, எதிரே நிற்பவர்களின் கை தலைக்குப் போவதை மட்டும் கண் தப்பாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

கொரோனாவில் கல்லூரிகள் மூடியபோது, விரிவுரையாளராக இருக்கும் என் மகள் விழுப்புரம் வீட்டு ஹாலில் உட்கார்ந்து செல்போனில் வகுப்பெடுத்தாள். பருவத்தை எப்படி முடிப்பது என்று அவளும் அட்டவணை போட்டுப் போட்டு அழித்தாள். ஒரு நாள் மண்டகப்பட்டுப் பக்கத்துப் பையன் ஒருவன், பல நாள் வராமலிருந்தவன், வகுப்புக்கு வந்தான். தலையையும் வாயையும் சேர்த்துத் துண்டு சுற்றியிருந்தான். வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு என்ன துண்டு, எடுப்பா என்றாள் மகள். எனக்குக் கை தானாக நீண்டது.

“இருக்கட்டும்மா. தலையிலேயே இருக்கட்டும்.”

நான் சொன்னது அவனுக்கும் கேட்டிருக்க வேண்டும். திரையில் அவன் அசையாமல் இருந்தான். நெட் நின்றுவிட்டது என்று மகள் போனைத் தட்டிக்கொண்டிருந்தாள்.