மிச்ச ஆறு பேர்

பம்புக்காரர் தன் வண்டியின் டிக்கிக்கு அடியில் மூன்றாவது முறையாக உதைக்கிறார். திறக்கவில்லை. இரண்டு கைகளிலும் ஒரு தண்ணீர் பம்பை ஏந்தியிருக்கிறார். அதன் கனத்தில் கழுத்து நரம்பு புடைத்திருக்கிறது. "விளம்பரத்துல அந்தப் பொண்ணு ரெண்டு கையிலயும் பையோட வருது. செருப்பு நுனியால லேசா ஒரு காட்டு காட்டுது. தொறந்துக்குது. நான் என்ன அவளவிடக் கம்மியாவா உதைக்கிறேன்?" என்று கேட்டுக்கொண்டே நான்காவது உதை. வண்டி கீச்சென்று ஒரு சத்தம் போட்டதோடு சரி. "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று கடைக்குள்ளிருந்து மனைவியின் குரல் வருகிறது. அவர் பம்பைக் கொண்டுபோய் முன் இருக்கையில் உட்கார வைக்கிறார். ஆள் ஏறிவிட்டதாக நினைத்து, பெல்ட் போடச் சொல்லி வண்டி அலறுகிறது. பம்புக்கு பெல்ட் மாட்டிவிடுகிறார்.

அவருடைய கடைக்கு மேல்மாடியில் குடியிருப்பவன் நான். காலையில் ஜன்னலைத் திறந்தால் தினமும் எனக்கு இந்தத் தரிசனம்தான். தெருவில் அவருக்குப் பம்புக்காரர் என்று பெயர். அறுபதைத் தொடுகிற வயது, கட்டம் போட்ட சட்டை, பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு டெஸ்டர். பெரிய டாக்டர்களும் கட்டட முதலாளிகளும் வைத்துக்கொள்கிற, ஏழு பேர் உட்காரக்கூடிய சொகுசு எஸ்.யூ.வி. அவருடையது. அதன் பால்நிறத் தோல் இருக்கைகளில் ரப்பர் வாஷரும் கிரீஸ் டப்பாவும் பயணம் போகின்றன. மனிதர் தங்கம்தான். ஆனால் வண்டியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நான் ஏதாவது சாக்குச் சொல்லிப் படியேறிவிடுவேன். பாதி நாள் அதற்குள் பிடித்துவிடுவார்.

முதல் புகார் சத்தத்தைப் பற்றி. உள்ளே கேட்கிற இன்ஜின் உறுமலில் பாதி ஸ்பீக்கர் வழியாக வருகிறது என்று யாரோ சொல்லக் கேட்டு, ஒரு வாரம் சாப்பாடு இறங்காமல் இருந்தார். "மோட்டார்னா சத்தம் வரக்கூடாது சார். வந்தா நாங்க பேரிங்க மாத்துவோம். இவன் என்னடான்னா இல்லாத சத்தத்தை ஸ்பீக்கர்ல போட்டுக் காசு வாங்கறான்!" வண்டிக்குள் எரிகிற அலங்கார விளக்குக்கு அறுபத்து நான்கு நிறங்களாம். "எனக்குத் தெரிஞ்சதே ஏழு. மிச்சத்துக்கெல்லாம் அவன்கிட்டயாவது பேர் இருக்கா?" சன்ரூஃபை வாங்கின அன்று ஒரு தடவை திறந்து பார்த்தாராம், கடைத்தெருத் தூசி முழுக்கத் தலையில் கொட்டியதாம். வண்டிக்குள் ஒரு பெண்குரல் உண்டு. எதைக் கேட்டாலும், "மன்னிக்கவும், எனக்குப் புரியவில்லை" என்று சொல்லும். அதை மட்டும் அவர் குறை சொல்வதில்லை. "நம்ம வீட்டுல புரிஞ்சாலும் பதில் வராது. இது புரியலைன்னாவது மரியாதையா சொல்லுது பாருங்க" என்பார், மனைவிக்குக் கேட்கிற மாதிரி.

காற்றுப் பைகள் எட்டு இருக்கின்றன என்று கம்பெனிக்காரர்கள் பெருமை பேசியபோதும் மசியவில்லை. "அதெல்லாம் இடிச்சப்புறம் வர்றது. அதுக்கு முன்னாடி என்ன வரும்?" என்று கேட்டாராம். முன்னாடி வருவது எது என்று எனக்குத் தெரியும். வேகத்தடையோ பள்ளமோ வந்தால், பிரேக்கில் கால் படுகிற அதே கணத்தில், இவருடைய இடது கை பக்கத்து இருக்கைக்குக் குறுக்கே நீண்டுவிடும். அங்கே ஆள் இருந்தாலும் நீளும், பம்பு இருந்தாலும் நீளும், வெறும் இருக்கையாக இருந்தாலும் நீளும். முதல் தடவை அவரோடு போனபோது அந்தக் கை என் நெஞ்சில் வந்து விழுந்தது. அடிக்கிறாரோ என்று பயந்தேன். "பழக்கம் சார், கோவிச்சுக்காதீங்க" என்றார்.

விளம்பரத்தின்மீதுதான் தீராத கோபம். அந்த விளம்பரத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள்: உச்சி மலை, அஸ்தமன வெயில், பக்கத்தில் வண்டி, கோட்டு போட்ட ஓர் ஆசாமி இடுப்பில் கைவைத்துப் பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். 'சிகரம் கூட்டத்துக்கு அல்ல' என்று கீழே ஒரு வாசகம். வண்டி எப்படி இருக்கிறது, பத்துக்கு எத்தனை மதிப்பெண் கொடுப்பீர்கள் என்று கேட்டுக் கம்பெனியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். இவர் ஸ்பீக்கரில் போட்டார். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"மார்க்கு இருக்கட்டும்மா. ஏழு பேர் உட்கார்ற வண்டிய விக்கிறீங்க. மலை மேல ஒருத்தன்தான் நிக்கிறான். மிச்ச ஆறு பேர் எங்க?"

"சார்... அது கான்செப்ட் சார்."

"என்ன கான்செப்ட்? கீழ எறக்கி விட்டுட்டு வந்தானா? இல்ல, இவன்கூட வர மாட்டோம்னுட்டாங்களா? அதச் சொல்லுங்க முதல்ல."

பாவம், அந்தப் பெண் மேலிடத்தில் சொல்கிறேன் என்று வைத்துவிட்டாள். சில மாதம் கழித்துப் புது விளம்பரம் வந்தது. அதே மலை, அதே ஆசாமி, பக்கத்தில் ஒரு நாய். செய்தித்தாளைத் தூக்கிக்கொண்டு மாடியேறி வந்து என்னிடம் காட்டினார். "நாயச் சேத்திருக்கான் சார். முன்னேற்றம்தான்." சிரித்தார். சிரித்து முடித்த பிறகும் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வண்டி வாங்கி ஒரு வருடத்துக்கு மேலாகிறது. கடைசி வரிசை இருக்கைகள் இரண்டும் கம்பெனி போட்ட பிளாஸ்டிக் உறையோடு இன்னும் அப்படியே இருக்கின்றன. தட்டினால் படபடவென்கிறது. எடுத்துவிட்டால் என்ன என்று கேட்டேன். "உக்கார்றவங்க கிழிச்சுக்கட்டும்" என்றார். அவர் மனைவி இன்னும் கொஞ்சம் வெளிப்படை: "ரெண்டு பேர் குடும்பத்துக்கு ஒரு ஸ்கூட்டர் போதும்னேன். கேட்டாத்தானே? காலி சீட்டுக்கு ஊரச் சுத்திக் காட்டிக்கிட்டுத் திரியறார்."

இந்தப் பெரிய வண்டி ஆசை எங்கே முளைத்தது என்பதை ஒரு மழை நாளில், வியாபாரம் ஈயாடிக்கொண்டிருந்தபோது சொன்னார். அவருடைய அப்பாவிடம் கடுகு நிறத்தில் ஒரு பழைய வேன் இருந்ததாம். பின்கதவு பாதிதான் மூடும். மீதியைக் கயிற்றால் கட்டவேண்டும். யாராவது தோட்டத்துக்குப் புதுப் பம்பு வாங்கினால் ஞாயிற்றுக்கிழமையில்தான் பொருத்தப் போவார் அப்பா. குடும்பமே கூடப் போகும். அப்பா, அம்மா, அக்கா, இவர், தம்பி, கடை ஃபிட்டர், ஃபிட்டரின் மனைவி. "அப்பவே செவன் சீட்டர்தான் சார். சீட்டுதான் மூணு." வழியில் வருகிற கடைப் பலகையெல்லாம் அக்கா உரக்கப் படித்துக்கொண்டு வருவாள். இவரும் தம்பியும் பின்னால் பம்புப் பெட்டிமேல், கயிற்றுக் கதவுப் பக்கம் தம்பி. அப்பாவுக்கு பிரேக் பிடிப்பதில் நிதானம் கிடையாது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் முன்னாலிருந்து அம்மா சத்தம் போடுவாராம்: "சின்னவனப் பிடிச்சுக்கோடா!"

பம்பைப் பொருத்தி சுவிட்சைப் போட்டதும் குழாய் முதலில் இருமும். பிறகு செம்பழுப்பாகக் கொஞ்சம் துப்பும். அப்புறம் வரும் பாருங்கள் தண்ணீர், கை கனத்துக்கு! முதலில் அதன் கீழே போய் நிற்கிற உரிமை தம்பிக்கு. "அவன் சின்னப் பையன் இல்லையா. முதத் தண்ணி அவனுக்குத்தான்" என்றார். இதைச் சொல்லும்போது அவர் கண்கள் எதிர்ச் சுவரில் இருந்தன.

அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் தம்பியின் கடை. அப்பா காலத்தில் ஒரே கடை. பிறகு அண்ணனும் தம்பியும் சேர்ந்தே நடத்தினார்கள். பெரிய பம்பு கேட்டு வந்த ஒருவரிடம், உங்கள் வீட்டுக்குச் சின்னதே போதும் என்று அண்ணன் சொல்லிவிட்டார். தம்பிக்கு அது முதல் தடவையாக இருந்திருந்தால் பொறுத்திருப்பார். "உள்ள உக்காந்துக்கிட்டே கடைய மூடறான் எங்கண்ணன்" என்று வாடிக்கையாளர் முன்னாலேயே கத்தினார். "அப்பா கடையில பொய் சொல்லி விக்க எனக்குத் தெரியாது" என்று இவர் பதிலுக்குக் கத்தினார். வார்த்தை தடித்து, நடுவில் செங்கல் ஏறியது. எட்டு வருடமாகப் பேச்சு இல்லை. இரண்டு பலகைகளிலும் அப்பாவின் படம். இரண்டிலும் கீழே, 'எங்களுக்கு வேறு எங்கும் கிளைகள் இல்லை'. தம்பி தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும். இவர் கணக்குப் பார்ப்பதை நிறுத்தி, இரண்டாவது தும்மலுக்குக் காத்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

போன மாதம் அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்தார். தொடையிலிருந்து கணுக்கால் வரை மாவுக்கட்டு. வீட்டுக்கு அனுப்புகிற நாளில், காலை மடக்காமல் நீட்டியபடியே கொண்டுபோக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பெரிய வண்டி இருக்கிறதே என்று அக்கா பெரியவனுக்குப் போன் செய்தார். அடுத்த போன் சின்னவனுக்கு. தூக்கிவிட ஆள் வேண்டுமென்று பம்புக்காரர் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். வழியெல்லாம் வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கே ஒரு மாதிரி இருந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் சக்கர நாற்காலியில் அக்கா. பக்கத்தில் அக்கா வீட்டுக்காரர். இரண்டு தப்படி தள்ளித் தம்பி. கனத்த உடம்பு, கையில் அக்காவின் வாக்கர். அதை வாங்கி வைப்பதற்காக இவர் டிக்கியை உதைத்தார். திறக்கவில்லை. மறுபடி உதைத்தார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம். தம்பி வந்து பம்பருக்கு நடுவில் காலை ஒரு நீட்டு நீட்டி இழுத்தார். டிக்கி பூப்போல எழும்பித் திறந்தது.

"ஓரத்துல ஒதைச்சா எப்படித் தொறக்கும்? நடுவுல ஒதைக்கணும்" என்றார் தம்பி, வாக்கரைப் பார்த்து.

"விளம்பரத்துல ஓரத்துலதான் ஒதைக்குது அந்தப் பொண்ணு" என்றார் அண்ணன், அவரும் வாக்கரையே பார்த்து.

அக்கா அங்கிருந்தே கட்டளைகளைப் போட்டார். மாமா முன்னால் உட்கார வேண்டும்; இல்லாவிட்டால் வாந்தி. நடு வரிசை முழுக்க அக்காவுக்கும் அவர் காலுக்கும். "நான் ஆட்டோல வந்துடறேன்க்கா" என்று தம்பி நகர்ந்தார்.

"வாய மூடு. நான் காலை உடைச்சுக்கிட்டுத்தான் உங்க ரெண்டு பேரையும் ஒரே இடத்துல பாக்கணும்னு இருந்திருக்கு. இன்னொரு கால் பாக்கி இருக்கு, அதையும் உடைச்சுக்கவா? ஏறு பின்னாடி."

தம்பி கடைசி வரிசையை எட்டிப் பார்த்தார். பம்புக்காரர் தன் கையிலிருந்த சாவியைப் பார்த்தார். கழுவுகிற இடத்தில்கூட யாரிடமும் கொடுக்காத சாவி அது. என் பக்கம் திரும்பினார்.

"சார், உங்ககிட்ட லைசென்ஸ் இருக்குல்ல?"

"இருக்கு, ஆனா இந்த மாதிரி வண்டி..."

"ஓட்டறவன் சும்மா உக்காந்தா போதும், மிச்சத்த வண்டியே பாத்துக்கும்னுதானே விளம்பரத்துல சொல்றான்? இன்னிக்குப் பாத்துடுவோம்." சாவியை என் கையில் திணித்துவிட்டு, நடு இருக்கையை மடக்கி, தலையைக் குனிந்து, முனகிக்கொண்டே கடைசி வரிசைக்குள் நுழைந்தார். வலது பக்கம் போய் உட்கார்ந்து, இடது பக்கத்தைக் காலியாக விட்டார். தம்பி வாக்கரை டிக்கிக்குள் வைத்தார். பிறகு அவரும் ஏறினார். பிளாஸ்டிக் படபடத்தது.

"இத இன்னும் எடுக்கலியா?"

"உக்கார ஆள் வரலியே."

பின்னால் உறை கிழிகிற சத்தம் கேட்டது, முதலில் ஒரு பக்கம், பிறகு இன்னொரு பக்கம். அக்காவை நாங்கள் தூக்கி உட்கார வைத்து, காலுக்குத் தலையணை கொடுத்து முடித்தபோது, "இந்தக் கண்ணாடி தொறக்காதா?" என்று தம்பி கேட்டுக்கொண்டிருந்தார்.

"தொறக்காது."

"அப்புறம் எதுக்கு இவ்வளவு காசு?"

"அதத்தான்டா நானும் கேட்டேன்."

அக்காவின் காலுக்கு இரண்டு இருக்கை போயிற்று என்றால் வண்டியில் இடமே மிச்சமில்லை. அதை நான் எண்ணுவதற்கு முன்னால் அவர் எண்ணிவிட்டார். "ஏழும் ஃபுல் சார், எடுங்க!" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. நான் எடுத்தேன். அக்கா ஜன்னல் வழியாக ஒரு மருந்துக் கடைப் பலகையை உரக்கப் படிக்க ஆரம்பித்தார்.

ஆஸ்பத்திரி கேட்டைத் தாண்டியதும் இருக்கிற வேகத்தடையை நான் கவனிக்கவில்லை. கடைசி நிமிடத்தில் பிரேக்கை மிதித்தேன். வண்டி தன்னிடமிருந்த எல்லா மணிகளையும் அடித்தது. மாமா கடவுளைக் கூப்பிட்டார். அக்கா என்னைத் திட்டினார். நான் மேல்கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். பம்புக்காரரின் இடது கை தம்பியின் பெரிய நெஞ்சுக்குக் குறுக்கே நீண்டிருந்தது. அவர் தன் பக்கத்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார், தம்பி தன் பக்கத்து ஜன்னலை. வேகத்தடை போய், தெருமுனை போய், சிக்னலும் போன பிறகு இன்னொரு தடவை பார்த்தேன். கை அங்கேயே இருந்தது.