தெருமுனையில் குவிந்த மூடிகள்

1. கடலில் ஒரு தெரு

"ஒரு தெரு முழுக்க கடல்ல கிடக்குதும்மா!" என்று சார் கத்தியதில்தான் இந்த வேலையில் என் முதல் நாள் முடிந்தது.

பெரிய காஞ்சிபுரத்தில் பாத்திரக்கடை மாடியில் எங்கள் ஆபீஸ். பெருக்கித் துடைத்து டீ வாங்கி வரச் சேர்ந்தவள் நான். ஊரில் இருக்கிற பாதாளச் சாக்கடை மூடிகளை ஒவ்வொன்றாகப் போட்டோ எடுத்து, கம்ப்யூட்டரில் தெரிகிற பூமி உருண்டையில் அதனதன் இடத்தில் ஏற்றித் தருவதுதான் சார் எடுத்திருந்த கான்ட்ராக்ட். உருண்டையைச் சுற்றிக் கிட்டே கொண்டுவந்தால் நம் ஊர் வரும், கோபுரம் வரும், மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிகூடத் தெரியும். தெருவில் மஞ்சள் புள்ளிகள் இருக்கும். புள்ளியைத் தொட்டால் அந்த மூடியின் போட்டோ திறக்கும். அந்தப் புள்ளியைப் பார்த்துத்தான் ரிப்பேர் ஆட்கள் வருவார்கள்.

போட்டோ எடுத்துக்கொண்டிருந்தவர் வேலையை விட்டுவிட்டார். வீட்டு வாசலில் ஆண்பிள்ளை நின்று போட்டோ எடுத்தால் சண்டைக்கு வருகிறார்கள் என்று சார் என்னை அனுப்பினார். நான் ஐந்தாவது வரைக்கும் படித்தவள். யாராவது உற்றுப் பார்த்தாலே முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவரோரமாகப் போகிறவள். முடியாது என்று சொல்லவும் வாய் வரவில்லை.

அன்றைக்கு எடுத்ததை எல்லாம் கம்ப்யூட்டர் பார்க்கிற நித்யா ஏற்றினாள். காஞ்சிபுரத்தில் ஒன்றுகூட இல்லை. உருண்டையைத் திருப்பிக்கொண்டே போனாள்.

"சார், எல்லாம் இங்க இருக்குது. ஆப்பிரிக்கா பக்கத்துல."

"நம்ம சாக்கடை எதுக்கு அங்க போச்சு?"

போனில் லொக்கேஷன் ஆன் ஆகவில்லை. இடம் தெரியாத போட்டோவுக்கெல்லாம் சாஃப்ட்வேர் பூஜ்ஜியம் என்று போட்டுக்கொண்டு அந்தக் கடலில் கொட்டிவிடுமாம். போனை எனக்குக் கொடுத்தவரே சார்தான். மறுநாள் அந்தத் தெரு முழுக்கத் திரும்ப நடந்தேன்.

2. ஜூம் பண்ணுங்கம்மா

காலையிலேயே எடுத்துவிட வேண்டும் என்பது சாரின் உத்தரவு. வெயில் ஏறினால் மூடி மேல் வண்டி நிறுத்திவிடுவார்கள். சரிதான். ஆனால் பிள்ளையார்பாளையத்தில் காலையில்தான் தெருவில் பாவு போடுவார்கள். பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு விரித்து, இழுத்துக் கட்டி, அறுந்த இழைகளைச் சேர்ப்பார்கள். சந்து மாதிரித் தெருவில் பாவு விரித்துவிட்டால் வெளியாள் உள்ளே நுழைய முடியாது. சேலை உரசினாலும் இழை போய்விடும்.

அப்படி ஒரு தெருவின் முனையில், பிள்ளையார் கோயில் பக்கத்தில் நின்று சாருக்கு போன் போட்டேன்.

"பாவு போட்டுக்கினு இருக்காங்க சார். உள்ள போவ முடியாது."

"அங்கிருந்தே ஜூம் பண்ணி எடுங்கம்மா! எல்லாத்துக்கும் போன் பண்ணுவீங்களா?"

அங்கிருந்தே எடுத்தேன். மூடிகள் தெளிவாகவே விழுந்தன.

அந்தத் தெருவின் நடுவில் விசாலாட்சி வீடு. நெசவுக்காரி. என்னோடு ரேஷன் கடை வரிசையில் நின்று பழக்கம். அவள் வாசல் மூடி உடைந்து, சாக்கடை வழிந்து, வீட்டுக்குள் தறிக்குழியில் இறங்கிக்கொண்டிருந்தது. தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு மிதித்தால்தான் நெய்ய முடியும். என்னைப் பார்த்துப் பாவோரமாகத் தெருமுனைக்கு வந்தாள்.

"குழியில கால வெச்சா கணுக்கால் வரைக்கும் சாக்கட. கல்யாணப் பொடவ தறியில நிக்குது. ஒரு சொட்டு தெறிச்சா பொண்ணு வீட்டுக்காரன் தொடுவானா? முகூர்த்தம் வந்துக்கினே இருக்குது. நீ எடுத்த போட்டோவ பாத்து ஆளு வருவாங்க இல்ல?"

"வருவாங்க" என்றேன்.

3. புள்ளிக்குத்தான் வேலை

வந்தார்கள். பிள்ளையார் கோயில் வாசலில் வண்டியை நிறுத்தி, அங்கே நன்றாக இருந்த மூடியைத் திறந்தார்கள். விசாலாட்சி ஓடி வந்தாள். நான் பின்னால் நின்றேன்.

"நாத்தம் அங்க அடிக்குது, இங்க இன்னாபா நோண்டற?"

"நாத்தம் எனக்கும் மூக்குல ஏறுதுமா" என்றார் மேஸ்திரி. "புள்ளி இங்கதான் இருக்குது. வேல முடிஞ்சு புள்ளிகிட்ட நின்னு போட்டோ எடுத்தாத்தான் ஆப் எடுத்துக்கும். தள்ளி எடுத்தா எங்க பில்லு நிக்கும்."

அடைப்பே இல்லாத சாக்கடையைத் தூர் வாரிவிட்டுப் போனார்கள்.

ஆபீசில் நித்யா திறந்து காட்டினாள். அந்தத் தெருவின் மூடிகள் எல்லாம் பிள்ளையார் வாசலில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்திருந்தன. "போன் எங்க நிக்குதோ அந்த இடத்தத்தான் அது எழுதிக்கும் சார். எவ்ளோ தூரத்துல இருக்கறத எடுத்தோம்னு அதுக்குத் தெரியாது."

"மொதல்லயே சொல்றதுக்கு என்ன?"

"ஜூம் பண்ணச் சொன்னதே எனக்குத் தெரியாதே சார்."

திரும்ப எடுத்து வர என்னை அனுப்புங்கள் என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் நித்யா விசாலாட்சி வீட்டு மூடியின் புள்ளியை மவுசால் இழுத்து அவள் வாசலில் வைத்தாள். மற்றதை அப்புறம் பார்க்கலாம் என்று சார் டீ கேட்டார். வாங்கி வந்தேன்.

4. கைமாறிப் போன போன்

இரண்டாம் முறை ஆட்கள் வந்த காலையில் நானும் போனேன். தெருவில் பாவு. மேஸ்திரி தன் போனைப் பார்த்துக்கொண்டே வந்து மறுபடியும் பிள்ளையார் வாசலில் நின்றார்.

நித்யாவுக்கு போன் போட்டேன். உருண்டையில் புள்ளியை இழுத்து வைத்தது திரையில் தெரிகிறதை மட்டும்தான் மாற்றியதாம். நேற்று சார் ஃபைலை மறுபடியும் புதிதாக ஏற்றச் சொன்னபோது, சாஃப்ட்வேர் போட்டோவுக்குள் எழுதியிருக்கிற இடத்தையே எடுத்துக்கொண்டதாம். "புதுசா அந்த மூடிகிட்டயே நின்னு ஒண்ணு எடுத்து அனுப்புங்கம்மா. உடனே ஏத்திடறேன்."

"புள்ளி மாறுச்சுன்னா பாவு சுருட்டற வரைக்கும் காத்துக்கினு இருக்கறேன்" என்றார் மேஸ்திரி. "மாறலன்னா செவிலிமேட்டுக்குக் கெளம்பறேன். அப்புறம் எப்ப வருவேன்னு கேக்காத."

பாவு ஓரத்தில் கால் வைத்தேன்.

"ஏம்மா, ஏம்மா! இழ அறுந்தா நீ வந்து சேப்பியா?" என்றார் பாவுக்காரர்.

தூரத்தில் விசாலாட்சி வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். போனைப் பாவுக்காரர் கையில் கொடுத்து, "விசாலாட்சிகிட்ட குடுத்துடுங்கண்ணே" என்றேன். அவர் அடுத்தவரிடம் கொடுக்க, அவர் அதற்கடுத்தவரிடம் கொடுக்க, ஆபீஸ் போன் பாவோரமாகக் கைமாறிப் போய் அவளிடம் சேர்ந்தது.

அங்கே போய் என்ன செய்வாள்? சொல்லித் தர நான்தான் இருக்கிறேன். தெருவே என்னைப் பார்த்தது. கத்தினேன். என் குரல் அவ்வளவு தூரம் போகும் என்று எனக்கே தெரியாது.

"கேமராவ தொடு!"

"என் மூஞ்சிதான் தெரியுது!"

"உன் மூஞ்சி எதுக்கு? திருப்பி மூடிய காட்டு!"

"அவ மூஞ்சியத்தான் மொதல்ல தூர் வாரணும்" என்றார் பாவுக்காரர். தெரு சிரித்தது. விசாலாட்சி அங்கிருந்தே அவரைத் திட்டினாள்.

"கீழ மேப்புல நீல வட்டம் இருக்குதா?"

"பெருசா இருக்குது!"

"சின்னதாவற வரைக்கும் நவுராத!"

"சாக்கடத் தண்ணியில நிக்கறேன்டி!"

"தண்ணியிலயே நில்லு!"

போன் இடத்தைச் சரியாகப் பிடித்ததும் வட்டம் சுருங்கியது. எடுத்தாள். அனுப்பு என்பதை எங்கே தொட வேண்டும் என்று கத்தியதில் எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் மேஸ்திரி போனை உற்றுப் பார்த்தார். "நடுத்தெருவுக்குப் போயிடுச்சு" என்று சொல்லிக் கோயில் படியில் உட்கார்ந்தார். பாவு சுருட்டும் வரை இருந்து, அடைப்பை எடுத்து மூடியை மாற்றினார். மதியத்துக்குள் தண்ணீர் உள்வாங்கியது. குழியை இறைத்துக் காயவைத்து, அந்தப் புடவையை நெய்து முடித்து, முகூர்த்தத்துக்கு முன்னால் விசாலாட்சி தறியிலிருந்து அறுத்துக் கொடுத்துவிட்டாள்.

குவிந்து கிடந்த மற்ற மூடிகளுக்காகப் பாவு இல்லாத நாளாகப் பார்த்துத் திரும்பப் போனேன். "பில்லு போயாச்சு, எதுக்கும்மா அலையறீங்க?" என்றார் சார். போனை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பெண்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த உருண்டை உலகத்தையே காட்டும். ஆனால் நீ எதைப் பார்த்தாய் என்று அதற்குத் தெரியாது. எங்கே நின்றாய் என்பது மட்டும்தான் தெரியும். அதனால் கிட்டே போய் நில். போக வழியில்லை என்றால், யார் பார்த்தாலும் பார்க்கட்டும், நின்ற இடத்திலிருந்து கத்து.