மாரி என்றார்

எழுபதுகளின் கடைசியில் ஒரு காலை, என் கணவர் காப்பிக் கோப்பையை எடுக்கப் போனார். கை மேசையிலேயே கிடந்தது. "என்னங்க?" என்றேன். வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. பதில் வரவில்லை.

ஈப்போ ஆஸ்பத்திரியில் பக்கவாதம் என்றார்கள். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. டாக்டர் நம்மவர், சின்ன வயது. "இதுக்கு அஃபேசியான்னு பேருமா (மூளை பாதித்ததால் சொல் வராமல் போவது). நீங்க பேசுறது அவருக்குப் புரியும், சொல்லத்தான் வராது. எந்த வார்த்தை எப்ப வரும்னு சொல்ல முடியாது. பொறுமையா இருங்க" என்றார். அவரோடு முப்பது வருஷம் குடித்தனம் செய்தவளுக்குப் பொறுமை பற்றிப் பாடம்.

சுங்காய்ப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவிய கை அது. தோட்டம் கைமாறியதும் ஈப்போவுக்கு, மகன் வீட்டுக்கு வந்தோம். ஊரிலிருந்து இந்த நாட்டுக்குக் கப்பலேறி வந்த மனிதர். வைத்திருப்பது சிவப்புக் கார்டு (குடியுரிமை இல்லாதவர்களின் அடையாள அட்டை). நீலக் கார்டு வேண்டுமென்றால் அதிகாரி முன்னால் மலாயில் பேசிக் காட்ட வேண்டும். கடிதம் வந்தும் போகவில்லை. "அந்த பாஷை என் வாயில நுழையாதுலா" என்பார். பேரப்பிள்ளைகளை மலாய்ப் பள்ளியில் சேர்த்ததற்காக மகனோடு ஒரு மாதம் பேசவில்லை. "நாளைக்கு எங்கிட்ட எந்த பாஷையில பேசுவானுங்க?" என்று என்னிடம்தான் கத்தினார்.

பதினோராம் நாள் அவருக்கு ஒரு சொல் வந்தது. என்னைப் பார்த்து "மாரி" என்றார்.

என் பெயர் மாரியம்மாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "இந்தா"தான். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொல்லி மாய்ந்துபோனேன்.

அடுத்த வாரம், அதுவரை அவரை மட்டும் கூட்டிப்போன பிசியோதெரபி அறைக்குள் (கை கால்களுக்குப் பயிற்சி தரும் இடம்) என்னையும் விட்டார்கள். மலாய் நர்ஸ் ஒருத்தி அவருக்கு எதிரே இரண்டு கைகளையும் நீட்டிப் பின்னால் நடந்தபடி, "மாரி, பாக்சிக், மாரி" என்றாள். மலாயில் 'வாங்க பெரியவரே, வாங்க' என்று அர்த்தம். கம்பியைப் பிடித்து ஓரடி வைத்த என் கணவர், அவளைப் பார்த்து "மாரி" என்றார்.

சந்தை மலாய் எனக்கும் தெரியும். என் பெயரைக் கேட்ட ஆசையில் அது மலாய்ச் சொல் என்று தோன்றவேயில்லை. உண்மையைச் சொல்கிறேன், கழிவறைக்குப் போய் அழுதேன். அந்தப் பெண் மேல்கூடக் கோபம் வந்தது. வாயில் நுழையாது என்றவருக்கு முதலில் வந்ததே மலாய்தான் என்று நினைத்ததும் சிரிப்பும் வந்தது.

மகனிடம் சொன்னேன். "விடுங்கம்மா, எந்த பாஷையா இருந்தா என்ன, வாய் தொறந்துச்சுல்ல" என்றான்.

"உனக்கென்னடா, போனது உன் பேரா?" என்றேன்.

உங்கள் வீட்டிலும் ஒருவர் இப்படி விழுந்திருந்தால், வருகிற சொல்லைத் திருத்தாதீர்கள். அதையே பிடித்துக்கொள்ளுங்கள். நான் அதைத்தான் செய்தேன். வீட்டுக்கு வந்ததும் அந்த நர்ஸைப் போலவே எதிரே நின்று கைகளை நீட்டி, "மாரி, மாரி" என்று என் பெயரைச் சொல்லியே அவரை நடக்க வைத்தேன்.

மாதங்கள் கழித்துத் தமிழ் ஒவ்வொன்றாக வந்தது. முதலில் "தண்ணி". பிறகு "வலிக்குது". ஒருநாள், "இந்தா". டாக்டருக்கு நல்ல சந்தோஷம். நானும் சந்தோஷப்பட்டேன், முழுதாக என்று சொல்ல மாட்டேன்.

ஆறு வருஷம் ஆகிறது. தோட்டத்து மணிக்கு எழுந்து பழகிய என் உடம்பு, இப்போது அவர் புரண்டால் எழுகிறது. கூடத்திலிருந்து வாசலுக்கு இருபதடி. அதை நடந்து முடித்தால் எங்கள் காலை முடிந்துவிடும்.

மிகவும் களைத்த நாட்களில் தமிழ் அவரிடமிருந்து நழுவிவிடும். அப்போது கட்டிலிலிருந்து "மாரி" என்பார். பேச்சு மறுபடி தடுமாறுகிறது என்று அர்த்தம். டாக்டரிடம் சொல்ல வேண்டும். பயந்துகொண்டேதான் எழுந்து போகிறேன். ஆனாலும் காது குளிர்ந்துவிடுகிறது.