மூன்று சுரங்களுக்கு ஒரு பாட்டு

கொட்டாஞ்சேனையில் எங்கள் மாதா கோவில் பாடகர் குழுவுக்கு இருபது வருடமாகக் கீபோர்ட் வாசிக்கிறேன். வீடு வெள்ளவத்தைக்கு மாறிய பிறகும் கோவிலை மாற்றவில்லை. ஆனால் உண்மையைச் சொன்னால், அத்தனை காலமும் ஊரை ஏமாற்றித்தான் வாசித்தேன். எனக்கு வெள்ளைக் கட்டைகள் மட்டும்தான் தெரியும். பாடுபவருக்குச் சுருதி ஏற வேண்டுமோ, இறங்க வேண்டுமோ, டிரான்ஸ்போஸ் பட்டனை அழுத்திவிட்டு அதே விரல்களால் அதே கட்டைகளை வாசிப்பேன். மிச்சத்தை அந்தப் பெட்டி பார்த்துக்கொள்ளும். கோர்ட் என்றால் ஒரே நேரத்தில் மூன்று விரல் வைக்கும் இடம், அவ்வளவுதான்.

என் கணவர் அதே குழுவில் பாடினவர். தைரொயிட் ஒப்பரேஷனோடு அவருடைய குரல் போய்விட்டது. கதைப்பார். பாட வாய் திறந்தால் டோ, ரே, மி என்ற முதல் மூன்று சுரங்கள் மட்டும் வரும். அதற்கு மேல் காற்று, அதற்குக் கீழ் கரகரப்பு. கொஞ்சம் கொஞ்சமாக வரும் என்று டாக்டர் சொன்னார். இரண்டு வருடமாகியும் வரவில்லை. அவர் குழுவை விட்டுவிட்டுக் கோவிலில் கடைசி வரிசை வாங்கில் உட்காரத் தொடங்கினார்.

அப்படி இருக்கையில்தான் மாமி, அவருடைய அம்மா, இறந்தார். தன் அடக்கப் பூசையில் மகன்தான் பாட வேண்டும் என்று மாமி எத்தனையோ வருடங்களாகச் சொல்லிவைத்திருந்தார். அடக்கத்தன்று மற்றவர்கள் பாட, இவர் வாசலில் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். வீட்டுக்கு வந்ததும், "முப்பத்தோராம் நாள் பூசையில நான் பாடுவன். எப்பிடியெண்டு கேக்காதையும்" என்றார்.

எனக்குத் தெரிந்த ஒரே வழி பட்டன். மாமிக்குப் பிடித்த பாட்டை ஒன்று இறக்கினேன், இரண்டு இறக்கினேன், நாலு இறக்கினேன். பாட்டோ ஏழெட்டுச் சுரங்களில் ஏறி இறங்குகிறது. அவரிடம் இருப்பது மூன்று. எங்கே கொண்டுபோய் வைத்தாலும் மூன்று மூன்றுதான். ஆறாவது தடவை அவர் எழும்பிப் போய்விட்டார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவர்மேல் அல்ல, அந்தப் பெட்டிமேல்.

அடுத்த நாள் காலை அவர் குசினியில் மீன் வெட்டிக்கொண்டே, தன்னை அறியாமல் ஒரே சுரத்தில் முனகிக்கொண்டிருந்தார். நான் முன்னறையில் பட்டனை அழுத்தி, அந்தச் சுரத்தை என்னுடைய ஸி, அதாவது டோ, ஆக்கி, ஸி மேஜர் கோர்ட்டை மெதுவாக வைத்தேன். நிம்மதியாக இருந்தது. விரலை மாற்றி ஏ மைனர் வைத்தேன். அதே முனகல் இப்போது அழுகைக்குப் பக்கத்தில் வந்து நின்றது. எஃப் மேஜர் வைத்தேன். நெஞ்சு கொஞ்சம் விரிந்தது. அவர் சுரத்தை மாற்றவேயில்லை. ஸி இந்த மூன்று கோர்ட்டுகளுக்குள்ளும் இருக்கிறது என்பதை இருபது வருடம் வாசித்தும் நான் கவனித்ததில்லை. வெட்கமாக இருந்தது. பாடுபவர் நின்ற இடத்தில் நிற்கலாம், கோர்ட் நகர்ந்தால் போதும்.

மூன்று சுரங்களுக்குள் நானே ஒரு பாட்டுக் கட்டினேன். ரே வரும் இடத்தில் ஜி மேஜர் வைத்தேன். மியை ஏ மைனரில் வைத்தால் கேள்வி மாதிரி நின்றது, ஸி மேஜரில் வைத்தால் பதில் மாதிரி. சொற்களும் அதிகமில்லை. கதவைச் சாத்தினாய், விளக்கை அணைத்தாய், நீ தூங்கு, இனி நாங்கள் விழித்திருப்போம். அவர் ஒரு தடவை பாடிப் பார்த்தார். பிறகு ஒவ்வொரு நாளும் பாடினார்.

முப்பத்தோராம் நாள் பூசையில் குரல் எங்கேயும் உடையவில்லை. பூசை முடிந்ததும் வாசலில் பெண்கள் என் கையைப் பிடித்து, "குரல் திரும்பி வந்திட்டுது" என்று கண் கலங்கினார்கள். நானும் தலையாட்டினேன். எனக்கு அவ்வளவு பெருமை.

வெள்ளவத்தைக்குத் திரும்பும் ஓட்டோவில் அவர் சொன்னார்:

"சனம் கேட்டது உம்மட கையை. என்ர குரலை இல்லை."

நான் மடியில் கிடந்த என் கைகளைப் பார்த்தேன். அவர் தொடர்ந்தார்:

"அம்மா இருந்திருந்தா கண்டுபிடிச்சிருப்பா."

இல்லை, நன்றாகத்தான் பாடினீர்கள் என்று சொல்லியிருக்கலாம். எனக்கு அப்படிப் பூசி மெழுக வராது.

"ஓம், கண்டுபிடிச்சிருப்பா. முதல் வரியிலயே கண்டுபிடிச்சிருப்பா. பிறகும் கடைசி வரைக்கும் இருந்து கேட்டிருப்பா."

அவர் முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் தோள் குலுங்கியது. குரல் போனபோதும், தாய் போனபோதும் அவர் என் முன்னால் அழுததில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் அவர் முழங்காலில் கையை வைத்தேன்.

எங்கள் வீட்டு ஒழுங்கை வந்தது. ஓட்டோ வேகம் குறைந்தது.

"மல்லி, தவ டிகக் யன்ன" என்று சாரதித் தம்பியிடம் சிங்களத்தில், இன்னும் கொஞ்சம் தூரம் போகச் சொன்னேன். சாரதி கண்ணாடியில் எங்களை ஒரு தடவை பார்த்தார். ஒழுங்கையைத் தாண்டித் தெஹிவளைப் பக்கம் விட்டார்.